மணியாச்சித் துப்பாக்கியும் வெள்ளித்திரையும்

ஒரு காலகட்டத்தின் வரலாற்றை அறிவதற்கு அரச ஆவணங்களும் தலைவர்தம் நினைவுக் குறிப்புகளும் மட்டுமே சான்றாவன என்று கொள்ளுதல் பொருந்தாது. மக்கள் கையாண்ட கருவிகளும் சான்றுகளே. ஏரும் தறியும் ஒரு சமுதாயத்தின் உற்பத்தி முறையைக் காட்டுவன. அதுபோன்றே ஆயுதமும் அச்சமுதாயத்தில் அதிகாரம் எவரிடத்து இருந்தது, அதனை எதிர்த்தோர் யாவர், எதிர்ப்பு எவ்வடிவம் கொண்டது என்பவற்றைப் புலப்படுத்தும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் இலட்சக்கணக்கில் செய்து மலிவாக விற்ற அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி அத்தகைய ஒரு கருவியாகும். தமிழர் வரலாற்றில் அது 1911 ஆம் ஆண்டு மணியாச்சிப் புகையிரத நிலையத்தில் வெடித்தது. சரியாக அரை நூற்றாண்டின் பின்னர், 1961 இல், அந்நிகழ்ச்சி தமிழ்த் திரைக்கு வந்தது. நிலையத்தில் வெடித்த துப்பாக்கிக்கும் திரையில் வெடித்த துப்பாக்கிக்கும் இடையே உள்ள உறவையும் வேறுபாட்டையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் இலங்கை மலையகத் தமிழருக்கு அயலானதன்று. சிங்களத்தில் றக்வான என்றும் தமிழில் இறக்குவானை என்றும் வழங்கும் ஊரைச் சூழ்ந்த தோட்டங்களிலும், சப்ரகமுவ மாகாணத்தின் ஏனைய தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் வாழும் தமிழரின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் முந்தியோர் மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தனர். பிந்தியோரிற் பெரும் பகுதியினர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினர். தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப் பாதை பிரியும் சந்தியே மணியாச்சி. அதற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட தட்டப்பாறையிலேதான் தோட்டங்களுக்கு ஆட்சேர்க்கப்பட்டோர் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்படும் முகாம் இருந்தது. ஆகவே மணியாச்சி என்பது ஒரு வீரக்கதையின் களம் மட்டுமன்று. வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் பலர் கடந்து சென்ற சந்தியுமாகும். இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே இத்துப்பாக்கியின் வரலாறு முழுமை பெறும்.

கருவியின் பிறப்பு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரில் 1855 ஆம் ஆண்டு பிறந்த ஜோன் மோசஸ் பிரௌனிங் என்பவர், துப்பாக்கி செய்யும் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் வகுத்த கைத்துப்பாக்கியைப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டால் என்னும் ஊரில் இயங்கிய தேசிய ஆயுதத் தொழிற்சாலை செய்து விற்றது. பெல்ஜிய அரசுக்கு 150,000 மௌசர் துப்பாக்கிகளைச் செய்து கொடுப்பதற்கென 1889 இல் நிறுவப்பட்ட இத்தொழிற்சாலை, பின்னர் மிதிவண்டி, மோட்டார் வண்டி முதலியவற்றையும் செய்தது. மிதிவண்டியைச் செய்வதற்கு வேண்டிய அதே இயந்திரங்களும் அதே தொழிலாளர் திறனுமே கைத்துப்பாக்கியையும் பெருந்தொகையிற் செய்ய உதவின என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1900 ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் பிரௌனிங் துப்பாக்கி 7.65 மில்லிமீற்றர் ரவையைப் பயன்படுத்துவது. அதன் கூட்டில் ஏழு ரவைகள் அடங்கும். அக்காலத்திற் பெருவழக்காயிருந்த சுழல்துப்பாக்கியில், அஃதாவது ரிவோல்வரில், ரவைகளைத் தாங்கிய உருளை பருத்துப் புடைத்திருக்கும். பிரௌனிங் துப்பாக்கியோ தட்டையானது, சட்டைப்பையில் அடங்குவது. வெடித்த ரவையின் பின்னுதைப்பே மேற்பகுதியைப் பின்னே தள்ளி, வெற்றுக் கோதை வெளியே எறியும். குழலின் மேலே அமைந்த சுருள்வில் அப்பகுதியை மீண்டும் முன்னே தள்ளும்போது அடுத்த ரவை தானே ஏறிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒரு முறை இழுத்தே ஆகவேண்டும். இது பற்றியே இதனை அரைத்தானியங்கி என்பர். உறுப்புகள் சிலவே, வேலைப்பாடு எளிது. எனவே விலையும் குறைந்தது. 1911 வரையில் ஏறத்தாழ ஏழு இலட்சம் துப்பாக்கிகள் விற்கப்பட்டன.

போர் வீரனுக்கோ பிரபுவுக்கோ உரியதாயிருந்த கைத்துப்பாக்கி, இவ்வாறு நடுத்தர வகுப்பினரும் வாங்கத்தக்க சந்தைப் பண்டமாயிற்று. முதலாம் உலகப் போர் இப்போக்கை மேலும் வளர்த்தது. 1915 இற் பிரெஞ்சு இராணுவத்துக்குத் துப்பாக்கி போதாமையால், பிரௌனிங்கின் மற்றொரு மாதிரியைப் பின்பற்றி ஸ்பெயினின் எய்பார்ப் பகுதிப் பட்டறைகள் ரூபி என்னும் மலிவுத் துப்பாக்கியைச் செய்து குவித்தன. ஒரு பட்டறையின் உறுப்பு மற்றொரு பட்டறையின் துப்பாக்கியிற் பொருந்தாத அளவுக்கு அவை அவசரத்திற் செய்யப்பட்டன. இதே கதை பின்னரும் நிகழ்ந்தது. மலிவான சிறு துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்கா 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கட்டுப்படுத்தியபோது, 1970 முதல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் ரேவன் போன்ற நிறுவனங்கள் துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவுத் துப்பாக்கிகளை உள்நாட்டிலேயே செய்து விற்கத் தொடங்கின. தடை பண்டத்தின் வழியை மாற்றியதேயன்றிப் பண்டத்தை ஒழிக்கவில்லை.

ஹெல்சிங்கி முதல் மணியாச்சி வரை

மலிவும் மறைவும் ஒருங்கே வாய்ந்த இக்கருவி, பேரரசுகளை எதிர்த்த தனிமனிதர் கைக்கு விரைவில் வந்து சேர்ந்தது. 1904 யூன் 16 ஆம் திகதி ஹெல்சிங்கியில் ரஷ்யப் பேரரசின் ஆளுநர் பொப்ரிக்கோவை இயூஜின் ஷௌமன் சுட்டார். 1909 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஹார்பின் புகையிரத நிலையத்தில் ஜப்பானிய அரசியல் முதல்வர் இட்டோ ஹிரோபுமியைக் கொரியரான ஆன் ஜுங்-குன் சுட்டார். இருவர் கையிலும் இருந்தவை 1900 ஆம் ஆண்டு மாதிரிப் பிரௌனிங்குகளே. 1914 யூன் 28 ஆம் திகதி சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரைக் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது அதே தொழிற்சாலையின் 1910 ஆம் ஆண்டு மாதிரியினால்.

இந்தியாவில் நிலைமை சற்று வேறானது. 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம். ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. சட்டம் மறுத்த ஆயுதம் கள்ள வழியில் வந்தது. இலண்டன் இந்தியா இல்லத்தைச் சேர்ந்த வி. டி. சாவர்க்கர் 20 பிரௌனிங் துப்பாக்கிகளை இந்தியாவுக்கு அனுப்பினார் என்பது வழக்கின் வாயிலாக வெளிவந்த செய்தி. அவற்றுள் ஒன்று 1909 டிசெம்பர் 21 ஆம் திகதி நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுடப் பயன்பட்டது. இந்தியா இல்லத்திற் சாவர்க்கரோடு பழகிய வ. வே. சு. ஐயர், பின்னர்ப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். செங்கோட்டையிற் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் ஊழியம் புரிந்த வாஞ்சிநாதன் அவரிடமே சுடும் பயிற்சி பெற்றார்.

1911 யூன் 17 ஆம் திகதி முற்பகல், திருநெல்வேலியின் பதிற் கலெக்டர் ரொபேட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ் தம் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் மணியாச்சியிற் காத்திருந்தார். கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளிடம் செல்லும் பயணம் அது. அவர்கள் எதிர்பார்த்திருந்தது தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய இலங்கைப் ‘போட் மெயில்’ வண்டியை. அவ்வேளை பெட்டியுள் ஏறிய வாஞ்சிநாதன் ஆஷை மார்பிற் சுட்டார். பின்னர் மேடை வழியே ஓடி மலகூடத்துள் ஒளிந்து தம்மையே சுட்டு மாண்டார். அவருக்கு வயது இருபத்தைந்து. ஆஷ் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் இறந்தார். பின்னர் நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் நீலகண்ட பிரமச்சாரி முதல் எதிரியாக நிறுத்தப்பட்டுச் சிறை சென்றார்.

கப்பலும் வேலைநிறுத்தமும்

ஆஷ் ஏன் குறிவைக்கப்பட்டார் என்னும் வினா நம்மை 1908 ஆம் ஆண்டுக்கு இட்டுச் செல்கிறது. 1906 இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரித்தானிய இந்திய நாவாய்க் கம்பனி கொண்டிருந்த ஏகபோகத்தை உடைப்பதே அதன் இலக்கு. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. 1908 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வும் கோரிச் செய்த வேலைநிறுத்தத்தை அவரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினர். மார்ச் 12 ஆம் திகதி வ. உ. சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அக்காலத்தில் ஆஷ் தூத்துக்குடியின் துணைக் கலெக்டராக இருந்து அடக்குமுறையிற் பங்கு கொண்டவர். அவ்வாண்டு யூலையில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 டிசெம்பரில் அவர் விடுதலையானார். அதற்குள் கப்பற் கம்பனி அழிந்துவிட்டது.

இங்கு இரு வகைப் போராட்டங்களைக் காண்கிறோம். கப்பற் கம்பனிக்குப் பங்கு சேர்த்தோர் பலர். வேலைநிறுத்தத்திற் சேர்ந்தோர் பலர். சிறையடைப்பைக் கண்டு கடையடைத்தோர் பலர். மணியாச்சியிலோ ஒரு மனிதரும் ஒரு கருவியுமே. முன்னைய போராட்டம் நசுக்கப்பட்ட வெறுமையிலேதான் பின்னையது தோன்றியது. மக்கள் கூட்டம் கலைக்கப்பட்ட இடத்திலே தனிமனிதன் துப்பாக்கியுடன் வந்து நிற்கிறான் என்பது, ஹெல்சிங்கியிலும் ஹார்பினிலும் காணப்படும் பொதுப் போக்கேயாகும்.

வாஞ்சிநாதனின் சட்டைப்பையிற் கிடைத்த கடிதமும் ஆய்வுக்குரியது. ஐந்தாம் ஜோர்ஜின் முடிசூட்டு விழா அதே மாதம் 22 ஆம் திகதி நடைபெறவிருந்தது. அதற்கு எதிரான சூளுரையாக அக்கடிதம் அமைந்தது. அந்நிய ஆட்சி மீதான வெறுப்போடு, சனாதன தருமத்துக்கு நேர்ந்த கேடு என்னும் எண்ணமும், மன்னரை இழித்துரைக்கப் பஞ்சமர் பெயரையே வசையாகக் கையாளும் சாதிப் பார்வையும் அதிற் காணப்படுகின்றன. தியாகத்தைப் பாராட்டுங் கதைகளில் இப்பகுதி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. மணியாச்சி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரிற் கணிசமானோர், அக்கடிதம் வசையாகக் கருதிய அதே சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்தம் வழித்தோன்றல்கள் இவ்வரலாற்றை வாசிக்கும்போது, வாஞ்சிநாதனின் துணிவை மறுக்கவும் வேண்டியதில்லை. கடிதத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. வரலாறு இரண்டையும் தாங்கவல்லது.

ஒளிக்கருவியும் வெடிக்கருவியும்

திரைப்படத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு திரைப்படம் பிறப்பதற்கு முன்னரே தொடங்கியது. பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் எத்தியன்-ஜூல் மாரே 1882 இல் பறவைகளின் இயக்கத்தை ஆராய்வதற்கு ஒரு ஒளிப்படக் கருவியை அமைத்தார். அது துப்பாக்கி வடிவினது. குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு வினாடியிற் பன்னிரண்டு படங்களைப் பதிவு செய்வது. 1895 டிசெம்பரில் லூமியேர் சகோதரர் பாரிசிற் படம் காட்டிய எட்டு ஆண்டுகளுள், 1903 இல், அமெரிக்காவில் வெளியான புகையிரதக் கொள்ளை பற்றிய படத்தில் கொள்ளையன் ஒருவன் பார்வையாளரை நோக்கியே சுடும் காட்சி இடம்பெற்றது. திரையரங்கில் அமர்ந்திருந்தோர் முதன்முறையாகத் தம்மை நோக்கி நீளும் துப்பாக்கியைக் கண்டனர். அதனால் எவரும் காயமுறவில்லை. ஆபத்தின்றி ஆபத்தை நுகரும் இவ்வின்பமே துப்பாக்கியைத் திரையின் நிலையான உறுப்பாக்கியது.

எனினும் அரைத்தானியங்கித் துப்பாக்கி திரைக்கு எளிதில் இசையவில்லை. படப்பிடிப்பிற் பயன்படுவது சன்னமற்ற வெற்று ரவை. சன்னம் இல்லாதபோது குழலினுள் அழுத்தம் போதாது. அழுத்தம் போதாதபோது மேற்பகுதி பின்னே செல்லாது. அடுத்த ரவையும் ஏறாது. குழலை உள்ளே சுருக்கி மாற்றியமைத்தாலன்றி அது தொடர்ந்து வெடிக்காது. ரிவோல்வருக்கு இத்தொல்லை இல்லை. இதனாலேயே பல நாட்டுப் பழைய படங்களில் ரிவோல்வர் விருப்புடன் கையாளப்பட்டது. வரலாற்றில் எந்தத் துப்பாக்கி வெடித்தது என்பதைவிட, படப்பிடிப்புத் தளத்தில் எந்தத் துப்பாக்கி வெடிக்கும் என்பதே பலவேளை திரையின் காட்சியைத் தீர்மானித்தது.

கப்பலோட்டிய தமிழன்

மணியாச்சி நிகழ்ச்சியைத் தமிழ்ப் பொதுமக்களின் கண்முன் கொணர்ந்த படம், பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1961 நவம்பரில் வெளியான ‘கப்பலோட்டிய தமிழன்’. ம. பொ. சிவஞானம் எழுதிய வரலாற்று நூலைத் தழுவியது அது. வ. உ. சி.யாகச் சிவாஜி கணேசனும், பாரதியாக எஸ். வி. சுப்பையாவும், சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகமும் நடித்தனர். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றபோதிலும், வெளிவந்த காலத்தில் இப்படம் வணிக வெற்றி காணவில்லை.

இப்படத்தின் அமைப்பில் ஒரு சிறப்பு உண்டு. அதன் தலைப்பிலேயே கப்பல் இருக்கிறது, துப்பாக்கி இல்லை. கம்பனி அமைத்தல், பங்கு திரட்டல், தொழிலாளர் போராட்டம், சிறையிற் செக்கிழுத்தல், விடுதலைக்குப் பின் நேர்ந்த வறுமை என்பனவே கதையின் முதுகெலும்பு. வாஞ்சிநாதனின் செயல் அவ்வரலாற்றின் ஒரு கிளை நிகழ்ச்சியாக மட்டுமே வருகிறது. துப்பாக்கி வெடித்தபின்னரும் கதை தொடர்கிறது. கதாநாயகனின் துன்பம் தீரவில்லை. துப்பாக்கி எதனை முடித்துவைக்கும், எதனை முடித்துவைக்காது என்பதை இப்படம் அறிந்திருந்தது எனலாம். அது வணிகத்தில் தோற்றமைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும். ஒரே வெடியில் நியாயம் நிலைநாட்டப்படும் கதையைக் காட்டிலும், நீண்ட உழைப்பும் நீண்ட தோல்வியும் கொண்ட கதை பார்வையாளரிடம் மிகுந்த பொறுமையை வேண்டுவது.

வரலாற்றை இழந்த துப்பாக்கி

1962 இல் வெளியான முதலாவது ஜேம்ஸ் பொண்ட் படத்தில், ஒற்றனின் பழைய பெரெற்றாத் துப்பாக்கி பறிக்கப்பட்டு, 7.65 மில்லிமீற்றர் வோல்தர்த் துப்பாக்கி கொடுக்கப்படுகிறது. அந்த ரவை பிரௌனிங் வகுத்த ரவையே. ஆனால் ஹார்பினிலும் மணியாச்சியிலும் பேரரசுக்கு எதிராக நின்ற சிறு துப்பாக்கி, இப்போது பேரரசின் ஒற்றனுக்கு உரிய அணிகலனாயிற்று. இவ்வலை தமிழ்த் திரையையும் எட்டியது. சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய படங்களில் ஜெய்சங்கர் துப்பறிவாளராகத் தோன்றித் தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட் என்னும் பெயர் பெற்றார். இப்படங்களில் துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது, எவ்வழி வந்தது, ரவைக்கு என்ன விலை என்னும் வினாக்களுக்கு இடமில்லை. அது நாயகன் கையில் இயல்பாகவே இருக்கிறது, குறி தப்புவதுமில்லை.

இக்கற்பனை உலகினுள் மெய்யான வெடி ஒன்று 1967 ஜனவரி 12 ஆம் திகதி புகுந்தது. நடிகர் எம். ஆர். ராதா, எம். ஜி. இராமச்சந்திரனை அவரது இல்லத்திற் சுட்டார். அது ரிவோல்வரேயன்றி அரைத்தானியங்கித் துப்பாக்கியன்று. எனினும் நம் பொருளுக்கு அந்நிகழ்ச்சி இன்றியமையாதது. கண்டிப் பகுதியிற் பிறந்து, திரையில் எத்தனையோ வெடிகளுக்குத் தப்பிய நாயகனின் கழுத்தில் ஒரு சன்னம் பாய்ந்தது. அவரது குரல் நிலையாகவே மாறிற்று. கழுத்திற் கட்டுடன் அவர் மருத்துவமனையிற் கிடந்த தோற்றம் அவ்வாண்டுத் தேர்தற் சுவரொட்டியாயிற்று. அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அதன்பின் வந்த படங்களில் அவரது குரலைக் கேட்ட ஒவ்வொருவரும் மெய்யான துப்பாக்கி மனித உடலில் விட்டுச்செல்லும் அடையாளத்தையே கேட்டனர். ஆயினும் திரைத் துப்பாக்கி மீதான மயக்கம் அதனாற் குறையவில்லை.

மயக்கத்தை வினாவுக்கு உட்படுத்திய படம் மிகப் பிந்தியே வந்தது. 1948 ஜனவரி 30 ஆம் திகதி காந்தியடிகளின் உயிரைப் பறித்தது 1934 ஆம் ஆண்டு மாதிரிப் பெரெற்றா என்னும் இத்தாலியச் சிறு துப்பாக்கி. குவாலியரிற் கள்ளமாகப் பெறப்பட்டது அது. 1982 இல் வெளியான ரிச்சட் அற்றன்பரோவின் ‘காந்தி’ அக்கொலையுடனேயே தொடங்குகிறது. 2000 ஆம் ஆண்டில் கமல்ஹாசன் இயக்கிய ‘ஹே ராம்’ படத்தின் நாயகன், காந்தியைக் கொல்ல எண்ணித் துப்பாக்கியுடன் செல்பவன். இறுதியில் மனம் மாறுபவன். அவன் தன் வாழ்நாள் முழுவதும் பேணிக் காப்பது காந்தியின் மூக்குக்கண்ணாடியையும் காலணியையுமே. கையில் ஆயுதம் இருந்தும் அதனைப் பயன்படுத்தாது விடுவதே கதையின் உச்சமாக அமைந்தமை தமிழ்த் திரையில் அரிய நிகழ்ச்சியாகும். இதற்கு மறுதலையாக, 2024 இல் வெளியான கொரியப் படமாகிய ‘ஹார்பின்’, ஆன் ஜுங்-குன்னின் செயலைத் தேசத்தின் தியாகமாகவே காட்டுகிறது. ஒரு நாட்டின் வீரன் மறு நாட்டின் கொலைஞனாகிறான்; துப்பாக்கியோ இரு பக்கத்துக்கும் ஒன்றே.

தோட்டத்துத் துப்பாக்கி

இப்பின்னணியில் மலையகத்தை நோக்குவாம். இறக்குவானை முதலிய தோட்டப் பகுதிகளில் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாக முதன்மையான கலைப் பொழுதுபோக்காக இருந்து வந்துள்ளது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கியபின் இறக்குமதி அதன் பொறுப்பாயிற்று. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கியபின் படங்கள் சிறிது சிறிதாக லயத்து அறைகளுக்குள்ளும் வந்தன. தோட்ட மக்களின் வாழ்க்கையை இலங்கைத் தமிழ்த் திரையும் தொட்டதுண்டு; ‘தோட்டக்காரி’ (1963), வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975) என்பன எடுத்துக்காட்டுகள். எனினும் இம்மக்கள் மிகுதியாகக் கண்டது தென்னிந்தியப் படங்களையே. அவற்றில் ஏழையின் பக்கம் நிற்கும் நாயகன் கையிலே துப்பாக்கி இருந்தது.

தோட்டத்தின் மெய்யான வரலாற்றில் துப்பாக்கி இருந்த கை வேறு. 1900 ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் ஆயுதம் தாங்கிய தொண்டர்களுள் ஐரோப்பியத் துரைமாரும் இருந்தனர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலைக் கட்டுப்படுத்தியது. நாட்சம்பளத்தில் வாழ்ந்த லயத்து மனிதனுக்கு அனுமதிப்பத்திரமும் எட்டாதது, துப்பாக்கியும் எட்டாதது. அவன் கையில் இருந்தவை கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமே.

1940 ஜனவரியில் ஹேவாஹெற்றப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வு கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் உயிர்ப்பலி என அவர் நினைவுகூரப்படுகிறார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணி 7,000 ஏக்கர் பகிர்ந்தளிக்கப்படவிருந்ததை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது டெவன் தோட்டத்திற் சுடப்பட்டபோது சிவனு லெட்சுமணன் மாண்டார். இருவரும் நிராயுதபாணிகள். 1977 ஆம் ஆண்டு இனவன்செயலிலும், 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டக் குடியிருப்புகள் தாக்கப்பட்டபோதும், 1983 யூலையிலும் இம்மக்கள் இழந்தவை பல. பலர் வவுனியா முதலிய வடபகுதிகளுக்குப் பெயர்ந்தனர். திரையிற் போன்று சுவரேறிக் குதித்து வந்து காத்த நாயகன் எவனும் இல்லை.

ஆனால் இம்மக்கள் பெற்றவையும் உண்டு. அவை எவ்வாறு பெறப்பட்டன என்பதே இங்கு முதன்மையான வினா. முல்லோயாவின் பின் தொழிற்சங்க உரிமை படிப்படியாக நிலைபெற்றது. டெவனில் உயிர் ஒன்று போன போராட்டம், காணிப் பகிர்வைத் தடுத்து நிறுத்தியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர், 1964 ஒக்டோபர் ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறிய அவர்களின் பிரிவுத் துயரை இன்றும் முதியோர் கூறுவர். எஞ்சி நின்றோர், 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின் வாயிலாகக் குடியுரிமை பெற்றனர். சங்கமும் வேலைநிறுத்தமும் வாக்கும் பேச்சுவார்த்தையுமே இவற்றை ஈட்டின. வ. உ. சி. தூத்துக்குடியில் தொடங்கிய வழியின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம். மணியாச்சியின் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் அரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, மணியாச்சித் துப்பாக்கி தனித்த ஓர் அற்புதப் பொருளன்று; பெல்ஜியத் தொழிற்சாலை ஒன்று உலகச் சந்தைக்கு மலிவாகச் செய்த பண்டம். அதன் வரவைச் சந்தையும் சட்டமும் கள்ள வழியும் சேர்ந்தே தீர்மானித்தன. இரண்டாவது, தனிமனிதனின் துப்பாக்கி, மக்கள் இயக்கம் தோற்கடிக்கப்பட்ட சூழலிலே வெடிப்பது. அத்தோல்வியின் அடையாளமாக அது விளங்குமேயன்றித் தோல்விக்கு மாற்றாக விளங்குவதில்லை. மூன்றாவது, திரை இவ்வரலாற்றிலிருந்து துப்பாக்கியைப் பிரித்தெடுத்து, அதன் விலையையும் அதன் விளைவையும் நீக்கி, வீரத்தின் சின்னமாக்கித் தந்தது. ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘ஹே ராம்’ போன்ற சில படங்களே இதற்கு விலக்கு.

வாஞ்சிநாதனின் பெயரை இன்று மணியாச்சி நிலையம் தாங்கி நிற்கிறது. அந்நிலையத்தைக் கடந்து தட்டப்பாறை முகாமுக்குச் சென்ற தோட்டத் தொழிலாளரின் பெயர்களை எந்த நிலையமும் தாங்கவில்லை. எந்தப் பெரும் படமும் அவர்களைத் தேடிச் செல்லவில்லை. அப்பெயர்கள் தோட்டப் பேரேடுகளிலும், துண்டுச் சீட்டுகளிலும், லயத்து முதியோரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. பேரேடுகள் செல்லரிக்கின்றன, முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். துப்பாக்கியின் தொழிற்சாலை இலக்கத்தைக்கூடப் பதிந்து வைத்துள்ள வரலாறு, அதே இருப்புப் பாதையிற் பயணஞ் செய்த இலட்சக்கணக்கானோரின் பெயரைப் பதியத் தவறிவிடலாகாது. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து வரலாறு பயிலும் தலைமுறைக்கு இப்பணியினும் முந்தியது வேறொன்றில்லை.